மாற்றப்பட்ட கோப்பும் நிறுவியின் தடுமாற்றமும்

கம்ப்யூட்டரில் இயங்கும் மென்பொருள் எதுவும் ஒருமுறை நிறுவப்பட்டதோடு முற்றுப்பெற்றுவிடுவதில்லை. அதன் குறைகள் நாளடைவில் புலப்படுகின்றன. அவற்றை நீக்கிய புதிய பதிப்புகள் வெளிவருகின்றன. அப்பதிப்புகளைப் பழையவற்றின் இடத்தில் அமர்த்தும் வேலை இடைவிடாது நடந்துகொண்டேயிருக்கிறது. இவ்வேலைக்கென்று அமைந்த துணை மென்பொருளே நிறுவி எனப்படுகிறது. உபயோகிப்பவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் இவ்விதமே நடப்பதால், நிறுவி ஆற்றும் பணியின் நுட்பம் எவர் கண்ணிலும் படுவதில்லை.

எனினும், நிறுவி தவறும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றுள் அடிக்கடி நேர்வதும், காரணம் எளிதில் விளங்காததுமான ஒன்று, உபயோகிப்பவர் மென்பொருளின் கோப்புகளைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டதனால் விளையும் தவறாகும். ஓர் அலுவலகத்தை உதாரணமாகக் கொள்ளலாம். ரசீது அச்சிடும் மென்பொருளுடன் வந்த மாதிரிக் கோப்பை அங்குள்ள குமாஸ்தா திறந்து, அலுவலகத்தின் பெயரையும் முகவரியையும் சேர்த்து, தொகையை எழுத்தால் காட்டுவதற்கு ஒரு வரியையும் புகுத்திவிடுகிறார். ஓராண்டு காலம் அது குறையின்றி வேலை செய்கிறது. பிறகு புதிய பதிப்பு வருகிறது. அப்போது மூன்றில் ஒன்று நிகழலாம். குமாஸ்தா செய்த மாற்றங்கள் சுவடின்றி மறைந்துபோகலாம். நிறுவி பாதி வழியில் நின்றுவிட, பழைய பதிப்பும் இயங்காமல், புதிய பதிப்பும் இயங்காமல் போகலாம். அல்லது, நிறுவல் வெற்றியாக முடிந்ததாகத் தோன்றினாலும், மாற்றப்பட்ட கோப்பு மட்டும் பழையபடியே இருந்து, புதிய பதிப்பு எக்குறையை நீக்க வந்ததோ அக்குறை நீங்காமலே நிற்கலாம். இம்மூன்றனுள் இறுதியாகக் கூறியதே மிகுந்த அபாயம் உடையது. ஏனெனில் அது நிகழ்ந்திருப்பது எவருக்கும் தெரிவதில்லை.

மூன்று விளைவுகளுக்கும் மூலகாரணம் ஒன்றே. ஒரே கோப்புக்கு இரண்டு எஜமானர்கள் ஏற்பட்டுவிடுகின்றனர். மென்பொருளைத் தயாரித்தவர் ஒருவர். அதை உபயோகிப்பவர் மற்றொருவர். இருவருக்கும் கோப்பைத் திருத்தும் அதிகாரம் உண்டு. ஆனால் ஒருவர் செய்த திருத்தம் மற்றவருக்குத் தெரிவதற்கு வழியில்லை. இருவருக்கும் நடுவே நின்று தீர்ப்புக் கூறவேண்டிய பொறுப்பு நிறுவியின்மீது விழுகிறது.

நிறுவியின் பதிவேடு

ஒரு மென்பொருளை முதன்முதலில் அமைக்கும்போது, எந்தக் கோப்பை எந்த இடத்தில் வைத்தது என்பதை நிறுவி பதிவு செய்துகொள்கிறது. பண்டகசாலையின் இருப்புப் பதிவேட்டைப் போன்றது இது. புதிய பதிப்பை அமர்த்தும்போதும், மென்பொருளை அறவே அகற்றும்போதும் நிறுவிக்கு இப்பதிவேடே ஆதாரம். பதிவேட்டிலுள்ள பண்டம் சாலையில் இல்லாவிடினும், சாலையிலுள்ள பண்டம் பதிவேட்டில் இல்லாவிடினும் கணக்கு ஒத்துவராது. ஒரு மென்பொருளை அகற்றிய பின்னும் அதன் கோப்புறை சில சமயம் எஞ்சி நிற்பது இக்காரணம் பற்றியே. உபயோகிப்பவர் அதனுள் தாமாகச் சேர்த்துவைத்த கோப்பு பதிவேட்டில் இல்லையாதலால் நிறுவி அதைத் தொடுவதில்லை; கோப்புறை காலியாகாததால் அதையும் நீக்குவதில்லை.

ஆனால், கோப்பு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் அறிந்தால் போதாது. வைத்தபடியே இருக்கிறதா என்பதையும் அறிதல் வேண்டும். இதற்கு நிபுணர்கள் கையாளும் உபாயம், கோப்பின் முழு உள்ளடக்கத்தினின்றும் ஒரு சிறு எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வதாகும். மனிதனுக்குக் கைரேகை எவ்வாறோ, கோப்புக்கு அவ்வெண் அவ்வாறு. அமெரிக்க விஞ்ஞானி ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-ல் வகுத்த எம்.டி.5 என்னும் முறை, கோப்பு எவ்வளவு பெரிதாயினும் 128 பிட்டுகள் கொண்ட எண்ணையே தருகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடுகிறது. வேண்டுமென்றே மோசடி செய்வோர் ஒரே எண்ணைத் தரும் இரு கோப்புகளை ஆக்கிவிடக்கூடும் என்பது 2004-ல் மெய்ப்பிக்கப்பட்டது. எனவே, பாதுகாப்புக்கு இம்முறையை இப்போது நம்புவதில்லை. எனினும், கோப்பு தற்செயலாகவோ சாதாரணத் தேவைக்காகவோ மாற்றப்பட்டதா என்று கண்டறிவதற்கு இது போதுமானது.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். கோப்பு மாறியிருக்கிறது என்பதைத்தான் கைரேகை கூறும். யார் மாற்றினார், எதற்காக மாற்றினார், அம்மாற்றம் இன்னும் தேவையா என்பவற்றை அது கூறாது. நிறுவியின் இடர்ப்பாடுகள் எல்லாம் இவ்விடத்தினின்றே தொடங்குகின்றன.

மூன்று பிரதிகளை ஒப்பிடுதல்

இடர்ப்பாட்டை ஓரளவுக்குச் செவ்வனே தீர்த்துவைக்கும் ஏற்பாடு டெபியன் என்னும் இயக்க அமைப்பில் காணப்படுகிறது. 1993-ல் இயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பட்ட டெபியனை ஆதாரமாகக் கொண்டே, நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் பாஸ் எனப்படும் பாரத இயக்க அமைப்பை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. டெபியனின் நிறுவிக்கு டி.பி.கே.ஜி. என்று பெயர். அது மென்பொருளின் கோப்புகளை இரு வகையாகப் பிரிக்கிறது. நிரல்கள் முதலியவை தயாரித்தவருக்கே உரியவை; புதிய பதிப்பு வரும்போது அவை கேள்வியின்றி மாற்றப்படும். உபயோகிப்பவர் திருத்துவார் என்று எதிர்பார்க்கப்படும் அமைப்புக் கோப்புகள் மற்றொரு வகை. இவற்றுக்கு மட்டும் விசேஷ கவனிப்பு உண்டு.

புதிய பதிப்பு வரும்போது, ஒவ்வோர் அமைப்புக் கோப்புக்கும் மூன்று கைரேகைகள் ஒப்பிடப்படுகின்றன. பழைய பதிப்புடன் வந்த மூலக்கோப்பினுடையது ஒன்று. கம்ப்யூட்டரில் இப்போது இருக்கும் கோப்பினுடையது இரண்டாவது. புதிய பதிப்புடன் வரும் கோப்பினுடையது மூன்றாவது. முதலாவதும் இரண்டாவதும் ஒன்றாயிருப்பின், உபயோகிப்பவர் எதையும் மாற்றவில்லை என்று பொருள். புதிய கோப்பைத் தயக்கமின்றி வைத்துவிடலாம். முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாயிருப்பின், தயாரித்தவர் எதையும் மாற்றவில்லை. ஆகவே உபயோகிப்பவரின் கோப்பை அப்படியே விட்டுவிடலாம். மூன்றும் வெவ்வேறாக இருக்கும்போதுதான் நிறுவியால் தானாக முடிவு செய்ய இயலாது. அது நின்று, எக்கோப்பை வைத்துக்கொள்வது என்று உபயோகிப்பவரையே கேட்கிறது. அவர் தம் கோப்பையே வைத்துக்கொண்டால், புதியது வேறு பெயருடன் அருகில் வைக்கப்படுகிறது. புதியதை ஏற்றுக்கொண்டால், அவருடைய பழைய கோப்பு வேறு பெயருடன் காக்கப்படுகிறது. எதுவும் அழிந்துபோவதில்லை.

இது நேர்மையான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் கேள்வி கேட்பதற்கு எதிரே ஆள் இருக்கவேண்டும். நள்ளிரவில் தாமாகவே புதிய பதிப்புகளை ஏற்றிக்கொள்ளும் கம்ப்யூட்டர்களில் பதில் சொல்வார் இல்லை. விடை கிடைக்காத நிறுவி பிழை காட்டி நின்றுவிடும். மென்பொருளும் பாதி அமைந்த நிலையில் கிடக்கும். இதைத் தவிர்க்கும்பொருட்டு, ஆளில்லாமல் புதுப்பிக்கும் துணைக்கருவி, கேள்வி எழக்கூடிய தொகுப்புகளை முன்னதாகவே கண்டு ஒதுக்கிவைத்துவிடுகிறது. பின்னர் ஒருவர் வந்து கையால் அதை முடித்தல் வேண்டும். ஒருவரும் வராவிட்டால், அத்தொகுப்பில் அடங்கிய பாதுகாப்புத் திருத்தமும் வந்துசேராது. என்றோ ஒருநாள் ஒரு வரியை மாற்றியதன் பயனாக, அந்தக் கம்ப்யூட்டர் பல மாதங்கள் அறிந்த குறையுடனேயே இயங்க நேரிடும்.

கோப்பைப் பழையபடியே வைத்துக்கொள்வதிலும் இத்தகைய அபாயம் உண்டு. தொலைவிலிருந்து கம்ப்யூட்டரினுள் நுழைய உதவும் ஓப்பன்-எஸ்.எஸ்.எச். என்னும் மென்பொருளின் 7.0 பதிப்பு 2015-ல் வெளிவந்தது. முழு அதிகாரமுள்ள நிர்வாகி வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு நுழைவது, வேறு கட்டளை இல்லாதபோது, அப்பதிப்பு முதல் தடுக்கப்பட்டது. ஆனால், அதற்கு முன்னரே தம் அமைப்புக் கோப்பில் அதை அனுமதித்து வெளிப்படையாக எழுதிவைத்தவர்களுக்கு அந்த வரியே மேலோங்கி நின்றது. மென்பொருள் புதியது, அதன் கதவோ பழையபடி திறந்தே இருந்தது.

தேதியை நம்பும் முறை

விண்டோஸ் இன்ஸ்டாலர் 1999-ல் ஆபீஸ் 2000 தொகுப்புடன் வெளிவந்தது. பதிப்பு எண் பொறிக்கப்பட்ட நிரற்கோப்புகளில் உயர்ந்த எண்ணுடையதை வைத்துக்கொள்வது அதன் சாதாரண விதி. பதிப்பு எண் இல்லாத கோப்புகளுக்கு அது தேதியைப் பார்க்கிறது. கோப்பு உண்டாக்கப்பட்ட நேரத்தைக் காட்டிலும் மாற்றப்பட்ட நேரம் பிந்தியதாயின், உபயோகிப்பவர் அதைத் திருத்தியிருக்கிறார் என்று கருதி அதன்மேல் கை வைப்பதில்லை. அவ்வாறில்லையாயின், திருத்தப்படாத கோப்பென்று கொண்டு புதியதை வைத்துவிடுகிறது.

விதி எளியது, பெரும்பாலும் சரியான முடிவையே தருவது. ஆனால் தேதி ஒரு குறிப்பேயன்றிச் சாட்சியம் அன்று. மேற்கூறிய குமாஸ்தா, தாம் திருத்திய கோப்பை எச்சரிக்கையாக வேறிடத்தில் நகல் எடுத்துவைத்து, பிறகு ஒருநாள் அந்நகலை மீண்டும் பழைய இடத்திற் கொணர்ந்து வைக்கிறார் என்று கொள்ளலாம். விண்டோஸில் நகல் எடுக்கும்போது, புதிய பிரதிக்கு உண்டாக்கிய நேரம் அன்றையதாகவும், மாற்றிய நேரம் முன்னிருந்ததாகவும் அமைகின்றன. மூலக்கோப்பை முன்னரே நீக்கிவிட்டு நகலை அங்கு வைத்தாரானால், உண்டாக்கிய நேரமே பிந்தியதாகிவிடும். நிறுவியின் கண்ணுக்கு அது எவரும் திருத்தாத கோப்பு. ஆதலால் புதியது அதன்மேல் எழுதப்பட்டுவிடும். தம் உழைப்பைக் காக்கவேண்டி அவர் செய்த காரியமே அதை இழப்பதற்குக் காரணமாகிறது.

கோப்பை நீக்குவதும் ஒருவகை மாற்றமே. தேவையற்றது என்று எண்ணி ஒருவர் முக்கியமான கோப்பொன்றை அழித்துவிட்டால், மென்பொருளைத் திறக்கும் சமயத்தில் இந்நிறுவி அதைக் கண்டுகொண்டு, குறையைச் சரிசெய்ய முற்படுவதுண்டு. அதற்கு மூலத்தட்டு வேண்டும். முன்பு நிறுவிய தட்டு எங்கேயோ போயிருக்கும். எழுத்து வேலைக்காக மென்பொருளைத் திறந்தவர், காரணம் விளங்காமல், கேட்கப்படும் தட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

வேறுபாட்டை மட்டும் அனுப்புதல்

புதிய பதிப்பை முழுவதும் அனுப்புவது செலவு மிக்கது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பினால் அளவு பெரிதும் குறையும். புத்தகத்தின் முடிவில் சேர்க்கப்படும் பிழைதிருத்தப் பட்டியலைப் போன்றது இது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஐந்தாம் வரியை இவ்வாறு திருத்திக்கொள்க என்றால், அனைவர் கையிலும் இருப்பது ஒரே அச்சுப்பிரதியாக இருத்தல் வேண்டும். ஒருவர் தம் பிரதியில் இரண்டு தாள்களை இடையில் ஒட்டியிருப்பாராயின், ஐந்தாம் வரியில் வேறொன்று இருக்கும்.

எழுத்துக்களால் அமைந்த கோப்புகளில் இத்தொல்லை ஓரளவு சமாளிக்கத்தக்கது. லாரி வால் என்பவர் 1985-ல் இயற்றிய பேட்ச் என்னும் நிரல், வரியின் எண்ணை மட்டும் நம்பாது, முன்னும் பின்னும் உள்ள வரிகளைக் கொண்டு உரிய இடத்தைத் தேடுகிறது; இடம் சற்று நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறது; கண்டுபிடிக்க இயலாத திருத்தங்களைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவைக்கிறது. ஆனால், எந்திரம் மட்டுமே படிக்கும் நிரற்கோப்புகளில் இவ்வித நெகிழ்ச்சிக்கு இடமில்லை. பழைய கோப்பு ஒரு பிட் பிசகாமல் எதிர்பார்த்தபடி இருந்தாலன்றி, வேறுபாட்டைச் சேர்த்து வரும் விளைவு பயனற்ற குப்பையாகிவிடும். ஆகவே நிறுவி முதலில் கைரேகையைச் சோதித்து, ஒவ்வாவிடில் வேலையைத் தொடங்காமலே நிறுத்திவிடுகிறது. இது குற்றமன்று, தற்காப்பு. சில நிறுவிகள் இவ்விடத்தில் முழுப் பதிப்பையும் வரவழைத்து வேலையை முடித்துவிடுகின்றன. அத்தகைய மாற்று ஏற்பாடு இல்லாதவை தோல்வியைத் தெரிவித்துவிட்டு ஓய்கின்றன.

கைபேசிகளில் இயங்கும் ஆண்ட்ராய்டு அமைப்பின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று. முற்காலத்தில் அதன் வேறுபாட்டுத் திருத்தங்கள் கோப்புக் கோப்பாக அமைந்திருந்தன. திருத்தவேண்டிய கோப்பு மாற்றப்பட்டிருந்தால் மட்டுமே தடை ஏற்படும். 2014-ல் வந்த 5.0 பதிப்பு முதல், அமைப்பு தங்கியிருக்கும் நினைவகப் பகுதி முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு திருத்தும் முறை புகுத்தப்பட்டது. இதன்படி, அப்பகுதியில் எவ்விடத்திலேனும் சிறு மாறுதல் இருந்தாலும் திருத்தம் செல்லாது. ஒரு கோப்பையும் தொடாமல், எழுதுவதற்கு இசைந்த நிலையில் அப்பகுதியைத் திறந்தாலே போதும். திறந்த குறிப்பு அதில் பதிந்துவிடுவதால் ஒப்பீடு தவறிவிடும். தம் கைபேசியை விருப்பம்போல் மாற்றியமைத்துக்கொண்டவர்கள், பிறருக்கு எளிதில் வந்துசேரும் திருத்தம் தமக்கு மட்டும் தோல்வியுறுவதைக் கண்டனர். பகைவன் செய்த மாற்றத்தையும் உரிமையாளர் செய்த மாற்றத்தையும் எந்திரம் வேறுபடுத்தி அறிய இயலாதாகையால், இரண்டையும் அது ஒருங்கே மறுக்கிறது.

தனித்தனி இடம் வகுத்தல்

தயாரித்தவரின் திருத்தத்தையும் உபயோகிப்பவரின் திருத்தத்தையும் கம்ப்யூட்டரே இணைத்துவிடலாகாதா என்று கேட்கலாம். பொதுவான மூலப்பிரதியை வைத்துக்கொண்டு இரு திருத்தங்களையும் ஒன்றுசேர்க்கும் நிரல்கள் நெடுங்காலமாக உள்ளன. டிஃப்-3 என்னும் நிரல் 1979-ல் வெளிவந்த ஏழாம் யூனிக்ஸ் பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆனால் இத்தகைய நிரல் வரிகளை இணைக்குமேயன்றிக் கருத்துக்களை இணைப்பதில்லை. இருவரும் வெவ்வேறு வரிகளை மாற்றியிருந்தால் இணைப்பு தடையின்றி நடக்கும். எனினும் இணைந்த வரிகள் ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளாக அமைந்துவிடக்கூடும்.

ஆகவே, சச்சரவைத் தீர்ப்பதைவிடச் சச்சரவு எழாதபடி செய்வதே மேலென்று நிபுணர்கள் கண்டனர். இருவருக்கும் வெவ்வேறு கோப்புகளை வகுத்துக்கொடுப்பதே அவ்வழி. சொற்பிழை காட்டும் அகராதியில் இதனை எளிதிற் காணலாம். வேர்ட் மென்பொருளில் உபயோகிப்பவர் சேர்க்கும் சொற்கள் மூல அகராதியில் எழுதப்படுவதில்லை. அவருக்கென்று உள்ள தனி அகராதிக் கோப்பில் எழுதப்படுகின்றன. மூல அகராதியை எத்தனை முறை மாற்றினாலும் அவர் சேர்த்த சொற்களுக்குக் கேடில்லை. வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளத்தின் தோற்றத்தை மாற்ற விரும்புவோர், மூலத் தோற்றக் கோப்புகளைத் திருத்தாமல் சேய்த் தோற்றம் ஒன்றை அமைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுவதும் இதுபற்றியே. 2010-ல் தோன்றிய சிஸ்டம்-டி என்னும் அமைப்பில், தயாரித்தவரின் கோப்புகள் ஒரு கோப்புறையிலும் நிர்வாகியின் கோப்புகள் மற்றொரு கோப்புறையிலும் இருக்கின்றன. இரண்டிலும் ஒரே பெயர் இருப்பின் நிர்வாகியினுடையதே செல்லும்.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. நிர்வாகி முழுக்கோப்பையும் நகல் எடுத்துத் தம் கோப்புறையில் வைத்துவிட்டால், தயாரித்தவர் பின்னர் செய்யும் திருத்தங்கள் யாவும் அந்நகலின் நிழலில் மறைந்துவிடும். இதைத் தவிர்க்கவே, மாற்றவேண்டிய ஓரிரு வரிகளை மட்டும் கொண்ட சிறு கோப்பு வைப்பதற்கும் அவ்வமைப்பில் இடமளிக்கப்பட்டுள்ளது. எவ்வளவு குறைவாக மாற்றப்படுகிறதோ, அவ்வளவு நிறைவாகப் புதிய பதிப்பின் பயன் கிட்டும்.

உபயோகிப்போர் செய்யத்தக்கவை

தேவைக்கேற்ப மென்பொருளைத் திருத்திக்கொள்வது குற்றமாகாது. பாஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் அது சட்டபூர்வமான உரிமையுமாகும். ஆயினும் சில முறைகளைக் கைக்கொண்டால் பின்னர் நேரும் நஷ்டத்தைத் தவிர்க்கலாம். கோப்பைத் தொடுவதற்கு முன்னர், அம்மாற்றத்துக்கென்றே மென்பொருளில் தனி இடம் வகுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் இருக்கும். இல்லையாயின், மூலக்கோப்பின் பிரதியைப் பத்திரப்படுத்திய பிறகே திருத்தம் செய்யவேண்டும். எதை, எப்பொழுது, எதற்காக மாற்றியது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நலம். திருத்தியவர் மாற்றலாகிப் போனபின் வருபவருக்கு அக்குறிப்பே துணை. புதிய பதிப்பு வந்ததும், நிறுவி அருகில் ஒதுக்கிவைத்த கோப்புகள் உளவா என்று தேடி, வேறுபாட்டைப் படித்துப் பார்த்தல் அவசியம். செய்த திருத்தம் பலருக்கும் பயன்படுவதாயின், அதைத் தயாரித்தவர்களுக்கே அனுப்பிவிடலாம். அவர்கள் ஏற்றுக்கொண்டால், அடுத்த பதிப்பில் அது மூலத்திலேயே இடம்பெறும். அதன்பின் காப்பாற்றவேண்டிய மாற்றம் என்று தனியே ஒன்று இராது.

தயாரிப்போருக்கும் இதில் கடமை உண்டு. உபயோகிப்பவர் எதை மாற்ற விரும்புவார் என்பதை முன்கூட்டி எண்ணி, அதற்கு இடம் வகுத்துத் தராத மென்பொருளில்தான் அவர் கைவைக்கக்கூடாத கோப்பில் கைவைக்கிறார். ரசீதில் அலுவலகத்தின் பெயரை எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்திருந்தால், குமாஸ்தா மாதிரிக் கோப்பைத் திறந்திருக்கவே மாட்டார், நிறுவியும் தடுமாறியிருக்காது.